புரதத் துணுக்கு

மார்ச் 12

அன்புள்ள சோதனைக்கு,

முதலில் உறுதியான தகவல். என் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில் நேற்று காலை அழுத்தம் பத்தொன்பது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. பன்னிரண்டைத் தாண்டினால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து. சொன்னவர், கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு அளந்த மருத்துவர். காகிதத்தை நானே வாங்கிப் பார்த்தேன். எண்ணைக் கையால் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பின்னணி இது. ஜனவரி கடைசியில் பல் தேய்க்கும்போது ரத்த வாந்தி எடுத்தேன். ஒரு செம்பு இருக்கும் என்கிறாள் உன் அக்கா. அரைச் செம்பு என்பது என் கணக்கு. உணவுக்குழாயில் புடைத்திருந்த நரம்புகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது. சிர்ரோசிஸ். காரணம் சர்க்கரையும் கொழுப்பும். வார்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். "நாப்பது வருஷமா. நாளைக்கு ஆறு டீ" என்றேன். நர்ஸ் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், மாமாவின் காரியங்கள் முடிந்த அன்று. "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க அத்தான், உங்க வாயை நான் நம்ப மாட்டேன்" என்றாய். அதனால்தான் கடிதம்.

கேட்பது ஒன்றுதான். அந்த வருடம் உன் ஆய்வகத்தில் எண்டோதீலின் பற்றி எனக்கு விளக்கினாயே, அதை இன்னொரு முறை எழுதி அனுப்புவாயா? என் குறிப்பேடு இருக்கிறது, ஆனால் பாதிப் பக்கத்தில் மை ஊறிப்போய்விட்டது. பக்கத்து ஓரத்தில் 'செருப்பு வெளியே, வாய் வெளியே' என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் படியேறி வரும்போதே வாசலில் நின்று நீ சொல்வது. ஐஸ் பெட்டிகள், சுழலும் இயந்திரத்தின் விசில், ஜன்னல் ஓரத்தில் நீ காயப்போட்ட கையுறைகள், எல்லாம் நினைவிருக்கிறது. நீ சொன்ன விஷயம்தான் சரியாக நினைவில்லை. பத்திரிகைக்காரன் தொழிலே அதுதான் என்று நீ சொல்லலாம்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 19

அத்தான் அவர்களுக்கு,

என்னை இப்போது யாரும் 'சோதனை' என்று கூப்பிடுவதில்லை. வேலை சோதனைக்கூடத்தில், வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை என்று நீங்கள் வைத்த பெயர் அது. இங்கே ஓய்வு பெறும் வரை நான் 'மேடம்'.

கேட்டதற்குப் பதில். இந்த முறை எதையும் வெட்டாமல் படியுங்கள்.

எண்டோதீலின் என்பது இருபத்தொரு மணி கோத்த மாலை மாதிரி ஒரு சின்னப் புரதத் துணுக்கு. ரத்தக் குழாயின் உட்சுவர் அதைச் சுரக்கிறது. குழாயைச் சுருக்குவது அதன் வேலை. நல்ல உடம்பில் கொஞ்சம் சுரந்து, கொஞ்சம் சுருக்கி, அடங்கிவிடும். தழும்பேறிய ஈரலில் அது கூடிப்போகிறது. ஈரலுக்குள் இருக்கும் நுண்குழாய்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் செல்கள் அது சொன்னபடி இறுக்கிப் பிடிக்கின்றன. உள்ளே நுழைய முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. தேங்கிய ரத்தம் வேறு வழி தேடி உணவுக்குழாயின் மெல்லிய நரம்புகளுக்குள் போகிறது. ஜனவரியில் உங்களுக்கு உடைந்தது அதுதான்.

அழுத்தத்துக்கு இது ஒன்றே காரணம் இல்லை. தழும்பு பெரிய காரணம், வேறு பொருள்களும் உண்டு. இதைத் தடுக்கிற மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் சில ஈரலையே கெடுத்தன. வேலை இன்னும் நடக்கிறது.

நாம் சாப்பிடும் புரதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இனி என் கேள்வி. உங்கள் கடிதத்தில் அழுத்தம் இருக்கிறது, தேதி இருக்கிறது, மருத்துவர் கையெழுத்துகூட இருக்கிறது. எடை இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. எடை எவ்வளவு? அதைவிட முக்கியம், மேல்கையின் சுற்றளவு எவ்வளவு? எடை அப்பாவை எப்படி ஏமாற்றியது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தங்கை


மார்ச் 27

அன்புள்ள சோதனைக்கு,

எடை ஐம்பத்தெட்டு கிலோ. மேல்கை இருபத்தொரு சென்டிமீட்டர். தையல் டேப்பால் அளந்தவள் உன் அக்கா; எதற்கு என்று கேட்டாள், சட்டை தைக்க என்று சொன்னேன்.

மருத்துவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். மே பதினெட்டாம் தேதி அழுத்தத்தை மறுபடி அளப்பார். இறங்கியிருந்தால் மாத்திரை தொடரும். இறங்காவிட்டால் ஈரலுக்குள்ளேயே ஒரு குழாய் வைத்து ரத்தத்துக்கு நேர்வழி போட வேண்டும். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கையோட வந்தீங்கன்னா நான் அதைச் செய்ய மாட்டேன். சதையே இல்லை. செஞ்சா நினைவு தப்பும். நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்.

சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி இறங்குகிறது, ரொட்டி இறங்குகிறது. முட்டை, மீன், பயறு என்று எதை வைத்தாலும் தொண்டையில் நின்றுவிடுகிறது. போன செவ்வாய்க்கிழமை நடந்தது இது:

"முழுங்குங்க. வெறும் வெள்ளைக்கருதான்."

"அப்புறம் சாப்பிடறேன்."

"நேத்து உங்க 'அப்புறத்தை' ஜன்னல்ல காக்கா சாப்பிட்டுச்சு. நான் பார்த்தேன். இந்தத் தெருவுலயே அந்தக் காக்காவுக்குத்தான் ஈரல் நல்லா இருக்கும்."

"ருசியில்லடி."

"ருசியா? ஆபீஸ் கேன்டீன்ல முப்பது வருஷம் சாப்பிட்ட ஆளு ருசியப் பத்திப் பேசறீங்க. என்னன்னு சொல்லுங்க. மனசுல எதையோ வெச்சுக்கிட்டு வயித்துல போட மாட்டேங்கறீங்க."

தட்டோடு ஜன்னல் பக்கம் போனேன்.

மாமாவின் நினைவு வந்துகொண்டே இருக்கிறது. தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்தில் ஒரு காலத்தைக் கழித்தவர், ஓய்வுக்குப் பிறகு தன்னையே தராசில் நிறுத்திக்கொண்டது. ஞாயிறுதோறும் காலையில் ஏறி நின்று, காலண்டரில் பென்சிலால் குறித்தது. "அறுபத்தொண்ணு. போன வாரமும் அறுபத்தொண்ணு. ஈரல் என்னை ஒண்ணும் பண்ணலை மாப்பிள்ளே" என்று சொன்ன குரல். சதை கரைந்த அளவுக்கு வயிற்றில் நீர் ஏறியதை அந்தத் தராசு பிரித்துச் சொல்லவில்லை.

அலமாரிக் கதவின் உட்பக்கம் நான் எழுதிய செய்தியை அவர் ஒட்டி வைத்திருந்தார். 'ஈரல் நோயைக் கூட்டும் புரதம்.' நீ சொன்ன சொல் 'புரதத் துணுக்கு'. தலைப்பிலிருந்து 'துணுக்கை' வெட்டியவர் அன்று மேசையில் இருந்த உதவி ஆசிரியர். அப்போதும் சொன்னேன். பாவம், அவர் போய்ப் பத்து வருடமாகிறது.

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 3

அத்தானுக்கு,

பழி இன்னும் அந்த உதவி ஆசிரியர் தலையில்தானா?

அப்பா போய் இரண்டு மாதம் கழித்து, உங்கள் பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவர் தன் மகளின் ரத்தப் பரிசோதனைக்காக எங்கள் கட்டடத்துக்கு வந்தார். என்னை அடையாளம் தெரிந்து, தானாகவே பேச்சை எடுத்தார். "உதவி ஆசிரியர் கேலிதாம்மா பண்ணாரு. துணுக்கை எடுக்கச் சொன்னது உங்க அத்தான்" என்றார். நான் அக்காவிடம் சொல்லவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது.

எழுத்துல குடுங்க என்று நான் கேட்டது உங்கள் அழுத்தத்தை அல்ல.

கோபம் வேறு, உடம்பு வேறு. ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். உங்களுக்கு நாளைக்குச் சுமார் எண்பது கிராம். மூன்று வேளையாகச் சாப்பிடாமல் ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்முன் ஒரு தம்ளர் பால் கட்டாயம். பட்டினியோடு தூங்கினால் ஈரல் சதையைத் தின்னும். முட்டை இறங்காவிட்டால் மசித்த பயறில் தொடங்குங்கள். உப்பைக் குறையுங்கள்.

உங்களிடமிருந்து நேரான பதில் வராமல் நான் மறுபடி எழுதப்போவதில்லை.


ஏப்ரல் 9

அன்புள்ள சோதனைக்கு,

திருத்தம். அந்தச் சொல்லை எடுத்தது நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாங்கள் மாலைப் பத்திரிகை. பதினொன்றரைக்குப் பக்கத்தை மூடி அச்சுக்கு அனுப்ப வேண்டும். பதினொன்று இருபதுக்கு உதவி ஆசிரியர் என் தலைப்பை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"ஈரல் நோயைக் கூட்டும் புரதத் துணுக்கு. ஏம்பா, துணுக்குன்னா ஏழாம் பக்கத்துல சிரிப்புத் துணுக்குக்குக் கீழ போட்டுடலாமா? 'டாக்டர், எனக்கு ஈரல்ல புரதம்', 'அப்படியா, எனக்கு ஊறுகாய்ல உப்பு'ன்னு."

மேசையே சிரித்தது. டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். உன்னிடம் மூன்று மதியம் உட்கார்ந்து, நான்கு முறை எழுதி, முதல் பக்கத்துக்கு என்று வாங்கிய செய்தி அது. அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்துவிட்டார்கள். பக்கம் கட்டுகிறவரிடம் போய், "துணுக்கை எடுத்துடுங்க, புரதம்னாலே போதும், இடமும் பத்தலை" என்றேன். இடம் இருந்தது. இன்னும் இரண்டு எழுத்துக்குக்கூட இருந்தது.

செய்தியின் உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் தலைப்பைத்தான் படிக்கிறார்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். நீ கத்திய பிறகு, மூன்றாம் நாள் திருத்தம் போட்டோம். ஐந்து வரி. ஏழாம் பக்கம், சிரிப்புத் துணுக்குக்குக் கீழே.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருடம் ஜூலையில் நாங்கள் மாமாவைப் பார்க்கப் போனோம். அக்கா இரண்டு முட்டையை அவித்து அவர் முன்னால் வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். மாமா தட்டைப் புறங்கையால் என் பக்கம் தள்ளினார். "உங்க பேப்பரைப் படிச்சப்புறம் இதை நான் தொடுவேனா மாப்பிள்ளே?" என்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை. என்னைப் பற்றிய பெருமை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது உண்மையில்லை. பாதி புரிந்தது. அந்தப் பெருமையைக் கலைக்க மனம் வரவில்லை. நானும் சிரித்தேன். அந்த இரண்டு முட்டையையும் நானே சாப்பிட்டேன். அக்கா இறங்கி வந்து காலித் தட்டைப் பார்த்து, "பரவாயில்லயே அப்பா" என்றாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நவம்பரில் போய்விட்டார். முட்டை சாப்பிடாததால்தான் போனார் என்று உறுதிப்படுத்த முடியாது, நோய் முற்றியிருந்தது. நாள் குறைந்தது என்று சொல்ல முடியும். எவ்வளவு என்பது தெரியவில்லை.

தொண்டையில் நிற்பது அந்தத் தட்டு.

அத்தான்


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நான்கு தாள் கிழித்தேன். ஆய்வகத்தில் அளவு தப்பினால் அந்த வரிசையையே எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். இதை எறிய முடியவில்லை.

உங்கள் செய்தி வந்த அன்று சாயங்காலம் நான்கு மணி. ஐஸில் இருபத்திரண்டு குழாய்கள். ரத்தம் எடுத்த சில நிமிடத்தில் சுழற்றாவிட்டால் அந்தத் துணுக்கு சிதைந்துவிடும், உங்களுக்குத் தெரியும். போன் அடித்தது. அப்பா, தபால் ஆபீஸ் பக்கத்துக் கடையிலிருந்து.

"ஏம்மா, மாப்பிள்ளை முதப் பக்கத்துல எழுதிருக்காரே, பார்த்தியா? புரதம்தான் ஈரலுக்கு ஆகாதாமே?"

"அப்பா, கையில வேலையா இருக்கேன்."

"ஒரு நிமிஷம். ரெண்டு பேரு தனித்தனியா சொன்னாத்தான் அது செய்தின்னு மாப்பிள்ளை சொல்வாரு. அவரு ஒண்ணு. நீ சொல்லு, அது சரிதானா?"

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதாம்ப்பா. சரியாத்தான் எழுதியிருப்பாரு. வெச்சிடட்டுமா?"

"அப்ப சரி. ரெண்டாச்சு" என்றார். குரலில் சந்தோஷம். வைத்துவிட்டார்.

நான் அப்போது பத்திரிகையைப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் பார்த்தேன். உங்களைக் கூப்பிட்டுக் கத்தினேன், திருத்தம் போட வைத்தேன். அப்பாவைக் கூப்பிடவில்லை. கடைக்குப் போன் போட்டு, அவரை வரவழைத்து, விளக்கி... ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த ஞாயிறு வேலை வந்தது. அடுத்த ஞாயிறும். பிறகு அது மனதில் இல்லவே இல்லை. அப்பாவைப் படுக்கையில் பார்த்த பிறகுதான் 'ரெண்டாச்சு' என்ற குரல் காதில் திரும்பி வந்தது.

முதல் ஆள் நீங்கள். இரண்டாவது ஆள் நான். பக்கம் கட்டுகிறவர் வந்து உங்கள் பெயரைச் சொன்னபோது எனக்கு வந்தது கோபம் இல்லை அத்தான், நிம்மதி. உங்களைத் திட்டிக்கொண்டிருந்த வரை என்னைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா தள்ளிய தட்டை நீங்கள் சாப்பிட்டதில் தப்பில்லை. வீணாக்கியிருந்தால்தான் அவர் திட்டியிருப்பார். சிரித்தீர்களே, அது தப்பு. நான் வேலையென்று போனை வைத்ததும் தப்பு. இரண்டையும் சரிசெய்ய வழியில்லை. உங்கள் கைக்கு வழி இருக்கிறது. இப்போது நீங்களும் பட்டினி கிடந்தால் அக்கா ஒரே தலைப்புக்கு இரண்டு பேரைப் பறிகொடுத்தவளாவாள்.

அக்காவுக்கு எந்தக் கதையும் தெரியாது. அவள் இன்னும் அந்த உதவி ஆசிரியரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறுகூட ஏதோ பேச்சில் "பாவி" என்றாள். அந்த மனிதருக்கு இது அநியாயம்.

மே பதினேழாம் தேதி காலை அங்கே வந்து சேரும் வண்டிக்குப் பதிவு செய்திருக்கிறேன். மறுநாள் அளக்கும்போது நானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன். எண்ணை நானே பார்க்க வேண்டும்.

சோதனை


மே 6

அன்புள்ள சோதனைக்கு,

இன்று காலை நிலவரம்: மேல்கை இருபத்திரண்டு புள்ளி மூன்று. அளந்தவள் அக்கா, சட்டைக் கதை இரண்டாம் வாரமே செல்லாமல் போய்விட்டது. வயிற்றில் நீர் இல்லை என்று மருத்துவர் தட்டிப் பார்த்துச் சொன்னார், ஆகவே இது சதைதான். நாடி அறுபது. ரத்த வாந்தி மறுபடி இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் மசித்த பயறு. மூன்றாம் நாள் மீன். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி காலை எட்டேகாலுக்கு ஒரு முட்டை, மஞ்சள் கருவோடு, முழுதாக. அக்கா எதிரில் உட்கார்ந்து, பரீட்சை மேற்பார்வை செய்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாய் வெகு நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது, "இன்னொண்ணு வெக்கட்டுமா, இல்ல காக்காவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள். கண் சிவந்திருந்தது.

உன் கடிதத்தைப் படித்தபோது அந்தத் தபால் ஆபீஸ் பக்கத்துக் கடை கண்ணில் வந்தது. தட்டியில் தொங்கிய என் பத்திரிகை, மாமா அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனுக்குக் காத்திருக்கும் நிற்பு. ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நிற்பாரே, அப்படி. நம் இரண்டு பேரையும் அவ்வளவு நம்பினார். நான் அந்தக் கடையை அன்று பார்க்கவில்லை. ஆனால் அப்படித்தான் நின்றிருப்பார்.

உதவி ஆசிரியரின் மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் பெயரில் நான் போட்ட பழியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் இருக்கலாம்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. ஒன்று, அழுத்தம். மே பதினெட்டு காலை பத்து மணிக்கு அளக்கிறார்கள். எண் மதியத்துக்குள் கையில் கிடைக்கும். பதினைந்துக்காவது இறங்கி வந்தால் மருத்துவருக்குத் திருப்தி. வராவிட்டால் குழாய் வைப்பது பற்றி, இந்தக் கையைப் பார்த்துவிட்டு, அன்றே முடிவு சொல்வார்.

மற்றது அக்காவிடம் சொல்வது. இதைக் கடிதத்தில் செய்ய முடியாது, போனிலும் முடியாது. நான் முதலில் சொல்கிறேன், உன் பங்கை நீ சொல். உன் வண்டி பதினேழாம் தேதி ஏழு பத்துக்கு வருகிறது. வீட்டுக்கு வர முக்கால் மணி. எட்டு மணிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அவள் காலைச் சாப்பாட்டை முடித்த பிறகு சொல்வது நல்லது என்று உனக்குத் தோன்றினால், எட்டரை.

அன்புடன்,
அத்தான்